ஆளுநர் அவை ஆவணங்களில் திருப்பதிக் கோயில் (1801–1843)

முன்னுரை

திருமலை–திருப்பதிக் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. கோயில் வரலாற்றுக்கு அவையே முதன்மைச் சான்றுகள். எனினும், 19ஆம் நூற்றாண்டின் கோயில் ஆட்சியை அறியச் சென்னை ஆளுநர் அவையின்கீழ் உருவான நிருவாக ஆவணங்களையே பெரிதும் நாட வேண்டியுள்ளது. அவை எந்நோக்கில் எழுந்தன என்பதும், தமிழாய்வாளர் அவற்றை எங்ஙனம் பயன்கொள்ளலாம் என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

கும்பினியும் கோயிலும்

எட்வர்டு கிளைவ் ஆளுநராக இருந்த 1801ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபு அசீம்-உத்-தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கருநாடகப் பகுதியின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்தது. திருப்பதிக் கோயிலின் மேற்பார்வையும் உடன் சென்றது. 1803இல் ஆட்சியர் ஜார்ஜ் ஸ்டிராட்டன் கோயிலைக் குறித்து வருவாய் வாரியத்திற்கு அறிக்கை விடுத்தார். 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் அறக்கொடைகளின் மேற்பார்வையை அவ்வாரியத்திடம் ஒப்படைத்தது. தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1821இல், முன்னைய வழக்காறுகளைத் தழுவி 42 விதிகள் கொண்ட புரூஸ் சட்டத்தொகுப்பு வகுக்கப்பெற்றது.

இருவகை நோக்கு

பல்லவர் குலத்தொடர்புடைய சாமவை என்னும் பெருமாட்டி வெள்ளித் திருமேனி அளித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு, கொடை எவ்வழிபாட்டிற்கு, எவ்விழாவிற்கு உரியது என்பதைப் பதிவு செய்கிறது. ஆளுநர் அவை ஆவணமோ அக்கோயிலால் கிடைக்கும் வருவாய் எவ்வளவு என்றே முதலில் வினவுகிறது. கல்வெட்டில் கொடையாளர் பேசுகிறார்; ஆவணத்தில் கணக்குக் கேட்பவர் பேசுகிறார்.

ஆயினும், கணக்குக் கேட்டவர்க்குக் கோயில் வழக்காறுகளை அறியும் தேவை நேர்ந்தது. சவால்–ஜவாப், திட்டம், பைமாயிஷி, கைங்கரியப்பட்டி என வழங்கும் கும்பினிக்காலப் பதிவுகள் அத்தேவையைக் காட்டுகின்றன. ‘சவால்–ஜவாப்’ என்னும் பெயரே வினாவும் விடையும் எனப் பொருள்படும். வினா ஆட்சியாளருடையதாயினும், விடைக்குரிய அறிவு கோயிலைச் சார்ந்தோருடையது. படையலுக்குரிய பண்டங்களின் அளவைக் குறிக்கும் ‘திட்டம்’ என்னும் சொல் இன்றும் திருமலை மடைப்பள்ளியில் வழங்குகிறது. ஆகவே வருவாய் நோக்கில் பிறந்த இவ்வாவணங்கள், தம் நோக்கத்தைக் கடந்து வழிபாட்டு வரலாற்றுக்கும் சான்றாகின்றன.

1843இன் திருப்பம்

கும்பினி அரசு இந்துக் கோயில்களை நிருவகிப்பதைக் கிறித்துவச் சமயப்பணியாளர் எதிர்த்தனர். அதன் விளைவாக, 1843இல் திருப்பதிக் கோயிலாட்சி ஹாத்திராம்ஜி மடத்து மகந்து சேவாதாசரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் வரும் காலத்திற்கு வாரியக் குறிப்புகளோடு நீதிமன்ற ஆவணங்களும் இன்றியமையாதவை. மகந்துகளின் ஆட்சி குறித்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது.

ஆவணங்களைத் தேடும் நெறி

1911இல் சித்தூர் மாவட்டம் தோன்றும்வரை திருப்பதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாகிய அவ்வூர், 2022இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எனவே 19ஆம் நூற்றாண்டுத் திருப்பதியைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வட ஆர்க்காட்டுத் தலைப்பில் தேடுதல் வேண்டும். ஆங்கிலப் பதிவுகளில் அவ்வூர்ப்பெயர் ‘திரிப்பெட்டி’ என்பதுபோல் திரிந்து காணப்படுவதையும் கருத்திற் கொள்ளல் நன்று.

முடிவுரை

கல்வெட்டை மட்டும் கற்பவர் கொடையின் பிற்கால நிலையை அறியார். ஆவணத்தை மட்டும் கற்பவர் அதன் தொடக்க நோக்கத்தை அறியார். இன்றைய மாநில எல்லை ஆய்வின் எல்லையாகிவிட்டால் இவ்விரண்டும் பிரிந்தே கிடக்கும். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மும்மொழிச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் ஆய்வே திருப்பதியின் வரலாற்றை முழுமையாக உணர்த்தும்.