பாப்பா மூஞ்சியில என்னடா எழுத்து?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

போன மாசம் எங்க குடும்ப வாட்சப் குழுவுல அக்கா ஒரு படம் அனுப்புச்சு. நியூஜெர்சியில ரெண்டாங்கிளாஸ் படிக்கிற அக்கா பொண்ணோட பள்ளிக்கூடப் படம். ரெட்டைச்சடை, முன்பல் ரெண்டும் காணோம், சிரிப்பு மட்டும் காது வரைக்கும். ஆனா நெத்தியில ஆரம்பிச்சு தாடை வரைக்கும் குறுக்கால வெள்ளையா 'ப்ரூஃப்', 'ப்ரூஃப்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தது.

உடனே ஊர்லேர்ந்து அம்மா போன். "ஏன்டா, பாப்பா மூஞ்சியில என்னடா எழுத்து?"

"அது மாதிரிப் படம்மா. காசு கட்டினா எழுத்தில்லாம குடுப்பாங்க."

"எவ்வளவாம்?"

சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் அக்காவும் அம்மாவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தாங்க. "நீதான் பொட்டி தட்டுற வேலையில இருக்கியே, அந்த எழுத்தை அழிச்சுக் குடுடா தம்பி."

அழிக்க இன்னைக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. ஆனா இந்த எழுத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு சும்மா தேட ஆரம்பிச்சு, ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. தேடினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ப்ரூஃப்னா என்ன? வாடிக்கையாளர் கையில குடுத்து, 'இதுல எது வேணும், எத்தனை காப்பி வேணும்'னு கேக்குறதுக்கான அச்சு. பார்க்கலாம், வச்சுக்கக் கூடாது. இந்த 'வச்சுக்கக் கூடாது'ங்குறதை எப்படி நடத்திக் காட்டுறதுங்குற கேள்விக்கு ஸ்டுடியோக்காரங்க கண்டுபிடிச்ச முதல் பதில் ரொம்ப அழகானது. எழுத்தும் இல்ல, முத்திரையும் இல்ல. வெறும் வெயில்.

அந்தக் காலத்துல ஒரு வகைத் தாள் இருந்தது. வெள்ளி குளோரைடு பூசின தாள். நெகட்டிவை அதுமேல வச்சு, கண்ணாடிச் சட்டத்துல இறுக்கி வெயில்ல வச்சா போதும், டெவலப்பர் எதுவும் வேண்டாம். படம் தானா கறுத்து மேல வரும். சட்டத்தோட முதுகுல கீல் வச்ச மூடி. பாதியைத் தூக்கி 'வெந்துருச்சா'னு பார்த்துட்டு மறுபடி மூடி வைக்கலாம், இட்லிப் பானை மாதிரி. படம் நிலைச்சு நிக்கணும்னா அப்புறம் ஹைப்போவுல கழுவணும். வெளிச்சம் படாத வெள்ளி உப்பை ஹைப்போ கரைச்சு எடுத்துடும்னு 1819-லயே கண்டுபிடிச்சவர் ஜான் ஹெர்ஷல். 1839-ல புகைப்படம்னு ஒண்ணு வந்ததும், படத்தை நிறுத்தி வைக்க இதைப் பயன்படுத்தலாம்னு சொன்னவரும் அவரே.

ஸ்டுடியோக்காரங்க செஞ்ச தந்திரம் என்னன்னா, ப்ரூஃபை மட்டும் கழுவாம விட்டாங்க. செம்பழுப்பு நிறத்துல அருமையான படம் வீட்டுக்கு வரும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தா இன்னும் கொஞ்சம் கறுக்கும். பக்கத்து வீட்டு அம்மாகிட்ட காட்டினா இன்னும் கொஞ்சம். சுவத்துல மாட்டினீங்கன்னா கொஞ்ச நாள்ல குழந்தை இருட்டுக்குள்ள போயிடும். பாக்கப் பாக்க அழியிற படம்! காலாவதி தேதியை கெமிஸ்ட்ரியிலேயே எழுதி வச்சிருக்காங்க. நாம என்னமோ முப்பது நாள் டிரையல் சாஃப்ட்வேரை நேத்து கண்டுபிடிச்ச மாதிரி பேசுறோம் :-)

ஆனா ஜனங்க சும்மாவா இருப்பாங்க? புத்தகத்துக்கு நடுவுல, வெளிச்சம் படாம வச்சா அந்தப் படம் வருஷக்கணக்கா தாங்கும். ஹைப்போவுல தானே கழுவிக்கலாம், நிறம் வெளுத்துப் போகும், ஆனா முகம் நிக்கும். காசில்லாதவங்களுக்கு முகம் நின்னா போதாதா?

இப்ப ஒரே தாள்ல நிறைய முகம் எப்படி வந்ததுன்னு பார்ப்போம். பாரிஸ்ல டிஸ்டேரிங்குறவர் 1854-ல ஒரே தகட்டுல பல படம் எடுக்குற முறைக்கு பேடன்ட் வாங்கினார். ஒரு தகட்டை அச்சடிச்சு வெட்டினா பல சின்னப் படங்கள். விலை மடமடன்னு இறங்கிச்சு. அமெரிக்காவுல இதையே இன்னும் கீழ கொண்டுபோனது 'பென்னி பிக்சர்' கேமரா. தகட்டை கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒரே கண்ணாடியில முப்பது முகம் வரைக்கும் எடுக்கலாம்.

வட கரோலினாவுல ஹியூ மாங்கம்னு ஒருத்தர் (1877–1922) இந்தக் கேமராவோட ஊர் ஊராப் போனார். அவரோட கண்ணாடி நெகட்டிவ் எல்லாம் குடும்பத்தோட புகையிலைக் கொட்டகையில அரை நூற்றாண்டு கிடந்துச்சு. 1970-கள்ல கொட்டகையை இடிக்கிற நேரத்துல காப்பாத்தினாங்க. இப்ப டியூக் பல்கலைக்கழகத்துல இருக்கு. அந்தத் தகடுகளைப் பார்த்தா ஆச்சரியம். கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் சட்டம் போட்டு தனித்தனியா உக்கார வச்ச காலம் அது. ஆனா தகட்டுல வந்த வரிசையில வந்த முகம். வெள்ளைக்காரப் பொண்ணு, பக்கத்துக் கட்டத்துல கறுப்பு இளைஞர், அதுக்குப் பக்கத்துல ஒரு கைக்குழந்தை. தகட்டுக்குத் தெரிஞ்சது ஒரே வரிசைதான்.

ஆனா அதுல ஒரு சோகமும் இருக்கு. முகம் இருக்கு, பேர் இல்ல. பெரும்பாலானவங்க யாருன்னே தெரியல. இதைப் படிச்சப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. ப்ரூஃப் தாளோட நிஜமான வேலை அழகு காட்டுறது இல்ல. முகத்தையும் பேரையும் சேர்த்துக் கட்டுறது. நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு டேபிளை ஜாயின் பண்றது.

பள்ளிக்கூடத்துக்கு வந்தீங்கன்னா இது உயிர்ப் பிரச்சனை. 1936-ல மினசோட்டாவுல புரூஸ் ரெய்னெக்கர், எல்டன் ராத்கெப்னு ரெண்டு பேர் 'நேஷனல் ஸ்கூல் ஸ்டுடியோஸ்' ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னாடி லைஃப்டச். 2018-ல ஷட்டர்ஃப்ளை அதை 82.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு. அதே 1936-லதான் வாக்கர் எவன்ஸ் சவானா நகரத்துல ஒரு ஸ்டுடியோ ஜன்னலைப் படம் எடுத்தார். ஒரு வரிசைக்கு 15, அப்படி 15 வரிசை இல்லீங்க, 15 கட்டம், கட்டத்துக்கு 15 முகம், மொத்தம் 225. அதுக்கு மேல 'ஸ்டுடியோ'ன்னு பெரிய எழுத்து. இன்னைக்கு எங்க அக்கா பொண்ணு மூஞ்சி மேல இருக்குற எழுத்தோட தாத்தா மாதிரி இருக்கு அது.

பிலிம் காலத்துல பள்ளிக்கூடப் படம் எடுக்க நீளநீளமான ரோல், 100 அடி வரைக்கும். பசங்க வரிசையா வருவாங்க, உக்காருவாங்க, 'க்ளிக்', அடுத்தவன். பேர்ப் பட்டியல் ஒரு பக்கம், பிலிம் எண் இன்னொரு பக்கம். நடுவுல ஒருத்தன் கண்ணை மூடிட்டான்னு ரெண்டாவது தடவை எடுத்து, பட்டியல்ல குறிக்க மறந்தா முடிஞ்சது கதை. அதுக்கப்புறம் வர்ற அத்தனை பேருக்கும் பேர் ஒண்ணு தள்ளிப் போயிடும். பொட்டி தட்டுறவங்களுக்கு இந்த ஆஃப் பை ஒன் பத்தி நான் சொல்லணுமா?

அதனாலதான் ப்ரூஃப் தாள் வகுப்பு டீச்சர் கைக்குப் போகணும். சின்னச்சின்ன முகம், கீழ பேர், எண். கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒண்ணுதான். டீச்சருக்கு ஒரு பார்வை போதும், "இது இவன் இல்லையே"ன்னுடுவாங்க. இன்னைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அதுல இருக்குற பார்கோடையோ க்யூஆர் கோடையோ முதல்ல படம் எடுத்துட்டு, அப்புறம் பிள்ளையை எடுக்குறாங்க. மென்பொருள் பிரிச்சு அடுக்கிடும். தலை அளவு ஒண்ணா வர்ற மாதிரி வெட்டி, நிறம் சரிபண்ணி, தாள் தயார். ஆனா அட்டையை ரெண்டு பசங்க மாத்திப் பிடிச்சா? மறுபடி டீச்சர்தான்.

வெயில்ல கறுக்குற தாள் போயி, நிலைச்சு நிக்கிற தாள் வந்ததும் 'வச்சுக்கக் கூடாது'க்கு வேற வழி வேணும். ரப்பர் முத்திரை குத்தினாங்க. ஓட்டை போட்டாங்க. டிஜிட்டல் வந்ததும் வாட்டர்மார்க். அதுவும் ஓட்டைதான். 2017-ல கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை போட்டாங்க. ஒரே வாட்டர்மார்க் நிறைய படத்துல அப்படியே இருந்தா, எல்லாத்தையும் ஒப்பிட்டு அந்த எழுத்தை மட்டும் தானாப் பிரிச்சு எடுத்துடலாம்னு. அவங்க சொன்ன மாற்று மருந்து, ஒவ்வொரு படத்துலயும் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சம் நெளிச்சு வைக்கிறது.

சரி, இப்ப கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

2007. நான் அஞ்சாங்கிளாஸ். வகுப்பு குரூப் போட்டோ எடுத்தாங்க. காப்பி 60 ரூபா. அப்பாவுக்கு வேலை இல்லாத வருஷம் அது. வீட்டுல கேக்கவே இல்ல நான். போட்டோக்காரர் ஒரே ஒரு மாதிரிப் படம் மட்டும் டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போனார். டீச்சர் பால்பாயின்ட் பேனாவால ஒவ்வொருத்தன் சட்டை மேலயும் எண் போட்டாங்க. தனித்தாள்ல எண்ணுக்கு நேரா பேர். பேர் அச்சடிச்சு நல்ல காப்பிகள் வந்தப்ப, வாங்கினவங்க வாங்கிட்டுப் போனாங்க. நான் ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

முழுப்பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு என் கணக்கு நோட்டைத் திருப்பிக் குடுத்தாங்க டீச்சர். உள்ள அந்த மாதிரிப் படம். ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

இன்னைக்கும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. என் சட்டை மேல 17. பக்கத்துல ரெண்டு பேர் எண்ணை டீச்சர் அடிச்சுத் திருத்தியிருக்காங்க. பேர் அச்சடிச்ச பளபள படம் மத்தவங்க வீட்டுல. சரிபார்த்த படம் என்கிட்ட.

அக்காவுக்கு போன் போட்டு, "எழுத்தை நான் அழிக்கல, முடியலைன்னா சின்ன செட்டா வாங்கு, பாதிக் காசு நான் தர்றேன்"னேன். வெயில்ல நின்னு, 'சீஸ்' சொல்லச் சொல்லி, மூக்குத் துடைச்சுவிட்டு படம் எடுக்குறவங்களுக்கு, யாராவது வாங்கினாதானே கூலி? அக்கா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் வாங்கிடுச்சு. முகத்துல எழுத்தில்லாத பாப்பாவை அம்மாவுக்கு அனுப்பினேன்.

"நல்லாருக்குடா. ஆனா நான் அப்பவே பஸ் ஸ்டாண்டு பக்கத்து கலர் லேபுல பிரின்ட் போட்டு, பிரேம் பண்ணி மாட்டிட்டேனே."

"எழுத்தோடயாம்மா? வர்றவங்க கேக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்க. அது அவ பள்ளிக்கூடத்துப் பேருன்னு சொல்லிட்டேன்."

உங்க வீட்டு பீரோவுலயும் முத்திரை குத்தின, எண் போட்ட, ஓரம் வெட்டாத படம் ஏதாவது இருக்கும். எடுத்துப் பாருங்க. அதுல இருக்குறவங்க பேரைப் பின்பக்கம் எழுதிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.