சட்டம் அழித்த பெயர்

மெக்கிரெகர் என்றதும் சிலருக்கு யுவான் மெக்கிரெகர், சிலருக்கு கானர் மெக்கிரெகர் ஞாபகம் வரும். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். (தமிழோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம்.) கிரெகரின் மகன், அவ்வளவுதான். கிரெகர் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர், விழித்திருப்பவன் என்று அர்த்தம்.

விழித்திருக்க வேண்டியதாகத்தான் போச்சு. 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் கொல்கூன் குலத்தாரை இவர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். ஏப்ரல் 3 அன்று அரசவை அந்தப் பெயரையே ஒழித்தது. பெயரை விடாதவனுக்கு மரணதண்டனை. ஆளைத் தண்டிப்பது புரிகிறது, பெயரைத் தண்டிப்பது? இரண்டே நாளில் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்து மகுடத்துக்காக லண்டன் கிளம்பிவிட்டார்.

உயிர் பிழைக்க கேம்பெல், மர்ரி, கிராண்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்தார்கள். 1661இல் தடை நீங்கியது, 1693இல் திரும்ப வந்தது. புகழ்பெற்ற ராப் ராய்கூட தாய்வழிப் பெயரான கேம்பெல்லைத்தான் போட்டுக்கொண்டார். கடைசியாக 1774இல் சட்டம் ரத்தானபோது அவர் இறந்து நாற்பது வருஷம்.

அதற்குப் பிறகு குலத்தலைவராக ஏற்கப்பட்டவரின் பெயரே ஜான் மர்ரி! 1822இல்தான் அவர் குடும்பம் மெக்கிரெகர் ஆனது.

இன்று கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எங்கும் மெக்கிரெகர்கள் உண்டு. ஆனால் பெயரை வைத்து எண்ணினால் கணக்கு உதைக்கும். மரபணுச் சோதனையில் வேறு குடும்பப்பெயர்க்காரர்கள் சிலர் மெக்கிரெகர் ஆண்வழியோடு பொருந்துகிறார்கள். குலச்சங்கமும் அந்த மாற்றுப்பெயர்களை ஏற்று உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது.