பெரியாற்று ஏரி: தேங்கிய நீரும் விலகிய மீனும்

காமயகவுண்டன்பட்டி உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாயும் நீர், தன் போக்கில் விடப்பட்டிருந்தால் மேற்கே அரபிக்கடலைச் சேர்ந்திருக்கும். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு சென்னை மாகாண அரசு செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி, பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய, 1895இல் திறக்கப்பட்ட அணை பெரியாற்றை மறித்தது. மலையைக் குடைந்த சுரங்கம் அந்நீரைக் கிழக்கே இறக்கிச் சுருளியாறு வழியாக வைகையில் விட்டது. கட்டுமானத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டுள்ளது. தேங்கிய நீருக்குள் நேர்ந்தது அந்த அளவு எழுதப்படவில்லை.

1941இல் மீனியல் அறிஞர் சுந்தரராஜ், பெரியாற்று மீன்களிடையே லெபிடோபைகாப்சிஸ் என்ற புதுப் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களைத் தொகுக்கும் வகைப்பாட்டு அலகை, விவரித்தார். அதில் அடங்கும் ஒரே இனம் உலகில் பெரியாற்றின் மேற்பகுதியில் மட்டுமே வாழ்கிறது. குதத்துடுப்பின் அடியில் செதில்கள் உறைபோல் அமைந்திருப்பது அதன் அடையாளம். இமயத்திலும் லடாக்கின் குளிர்ப்பாலையிலும் வாழும் மீன்களுக்கும் இவ்வமைப்பு உண்டு என்பதால், முன்னைய அறிஞர் இதனை அவற்றின் உறவாகவே கொண்டனர். பிற்காலத்து மரபணு ஆய்வுகளோ இதனை மாசீர் மீன்களின் பக்கத்தில் நிறுத்தின.

அமெரிக்காவின் நெவாடா மேட்டுப்பாலையிலுள்ள பிரமிட் ஏரியிலும், பெரியாறு மறிக்கப்பட்ட ஏறத்தாழ அதே காலத்தில், ஆறு திருப்பப்பட்டது. வெளியேறும் வழியில்லாத ஏரியில் நீர் ஆவியாகிப் போக உப்புகள் மட்டும் எஞ்சுவதால் அது காரநீர் ஏரி எனப்படுகிறது. அதற்கு நீர் தந்த டிரக்கி ஆறு 1905இல் டெர்பி அணையால் பாசனத்துக்குத் திருப்பப்பட்டபின், ஏரியின் மட்டம் 1967க்குள் சுமார் 80 அடி தாழ்ந்தது. முட்டையிட ஆற்றில் ஏறிவந்த டிரவுட் மீன் 1940களில் அங்கே இல்லாமற்போயிற்று. அங்கே ஏரி சுருங்கியது, இங்கே ஆறே ஏரியானது. எனினும் இரண்டிடத்திலும் மீன் இழந்தது ஓடும் நீரைத்தான்.

பெரியாற்றில் தேங்கிய நீர் வேறு மீன்களுக்கு வசதியாயிற்று. வெளியிலிருந்து வந்த சாதாக்கெண்டையும் திலாப்பியாவும் பெருகின. ஏரியில் வலைவீசி வாழும் மன்னான் பழங்குடியினரின் வருவாயும் இன்று பெரிதும் அவற்றையே சார்ந்திருப்பதால், வந்தேறி மீன்களை அகற்றிவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. நீர்மட்டமும் மனிதர் விதித்தபடியே நின்றது: 1979இல் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது, 2014 மே 7இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 142 அடிவரை உயர்த்த இசைவு கிடைத்தது. நீர்மட்டம் பற்றிய வழக்குகள் அணையின் வலிமையையும் மாநிலங்களின் உரிமையையும் சுற்றியே நடந்தன. சுந்தரராஜ் விவரித்த மீனோ ஏரியை விட்டு விலகி, அதற்கு மேலே பாறைகளிடையே ஓடும் காட்டோடைகளில் ஒதுங்கியிருக்கிறது.