இனிப்பு நீரும் இளஞ்சிறாரும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். ஒரே பாடவேளையில் இருமுறை, மும்முறை கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்பான். வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர்ப் புட்டி ஓய்வு நேரத்திற்கு முன்பே காலியாகிவிடும். பாடத்திலிருந்து தப்பிக்கும் தந்திரம் என்றே நான் எண்ணினேன்; ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்தும் பேசினேன். இரண்டு வாரங்களில் அவன் மூச்சு வாங்க, நினைவு மங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டான். குருதியில் சர்க்கரை மிகுந்து அமிலம் சேர்ந்துவிட்டது என்றனர் மருத்துவர்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். "சின்னப் பிள்ளைக்கு இனிப்பு நீரா, டீச்சர்?" என்று அவன் தாயார் என்னிடம் கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் குழந்தை உளவியல் படித்தோம், உடற்கல்வி படித்தோம். இதைப் படித்ததாக நினைவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இந்நோய் புதியதன்று. சிறுநீரை எறும்பு மொய்க்கும் நோயைப் பற்றிப் பண்டைய இந்திய மருத்துவ நூல்கள் பேசுகின்றன. அதனை இரு வகையாகப் பிரித்துக் காட்டியவர் சுசுருதர். பிறவியிலேயே அமைவது ஒன்று; அதற்கு ஆளானவர் மெலிந்திருப்பர். முறைகெட்ட உணவால் வருவது மற்றொன்று. அதற்கு ஆளானவர் பருத்திருப்பர். ஏறத்தாழ இதே வேறுபாட்டை நவீன மருத்துவம் சோதனை வழியே நிறுவ 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்து மருத்துவர் ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடனே இணங்கும் உடல், இணங்காத உடல் என இரு வகை நோயாளிகள் இருப்பதை அவ்வாண்டில் காட்டினார்.

கணையத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1889-இல் வெளிப்பட்டது. மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் ஆகிய இருவரும் நாயொன்றின் கணையத்தை அகற்றினர். அதற்கு நீரிழிவு வந்தது. எனினும் காரணம் தெரிந்ததால் மருந்து கிடைத்துவிடவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளுக்கு இந்நோய் மரண ஓலையாகவே இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் வகுத்த பட்டினி வைத்தியம் மட்டுமே ஓரளவு நாள்களை நீட்டித் தந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் 1922 ஆகஸ்டில் டொராண்டோ நகரை அடைந்தபோது பதினைந்தை நெருங்கும் வயது. எடையோ ஏறத்தாழ 20 கிலோ. நம் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் எடை அது!

அந்நகரில்தான் பாண்டிங், பெஸ்ட், மக்லியோட், காலிப் ஆகியோர் 1921, 1922-ஆம் ஆண்டுகளில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது பலன் தரவில்லை. மருந்து தூய்மையற்றிருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்ததுதான் மிச்சம். காலிப் இரவு பகலாக உழைத்து அதனைத் தூய்மைப்படுத்த, ஜனவரி 23 அன்று மீண்டும் போட்டனர். சர்க்கரை இறங்கியது. எலிசபெத் 1981 வரை வாழ்ந்தார். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு எழுதித் தந்தனர் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

தமிழ் நிலத்தில் இவ்வரலாறு சென்னையில் தொடர்கிறது. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பின்னர் இராயபுரத்தில் நீரிழிவு ஆராய்ச்சி மையம் எழுந்தது. அங்கு வந்த இளையோர் சிலருடைய நோய், மேனாட்டு நூல்கள் கூறிய இலக்கணத்திற்கு அடங்கவில்லை. சிறுவயதிலேயே சர்க்கரை இருந்தது. ஆனால் இன்சுலின் இன்றியும் அவர்கள் உயிரோடு இருந்தனர், மாத்திரையிலேயே சமாளித்தனர். விசாரித்தால் தந்தைக்கும் இருந்தது, தாத்தாவுக்கும் இருந்தது. இளம் பருவத்தில் தோன்றி மரபு வழியில் இறங்கும் இவ்வகையை டாட்டர்சால், ஃபஜன்ஸ் ஆகியோர் 1975-இல் மேலைநாட்டுக் குடும்பங்களைக் கொண்டு விளக்கியிருந்தனர். இந்தியரிடையே அது மிகுதியாக இருக்கிறது என்று விசுவநாதனும் அவர் மகன் மருத்துவர் வி. மோகனும் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் பிறரும் 1985-இல் எழுதினர்.

மரபணு ஆய்வு வளர்ந்தபின் இன்னொரு வியப்பு நேர்ந்தது. பிறந்த ஆறு மாதத்திற்குள் வரும் நீரிழிவு பலருக்கு ஒற்றை மரபணுப் பிழையால் வருவது என்று இங்கிலாந்தின் எக்சிட்டர் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டனர். அத்தகைய குழந்தைகளுள் பலருக்கு ஊசியை நிறுத்திவிட்டு, பெரியவர்கள் உண்ணும் பழைய மாத்திரையே போதுமானதாயிற்று. மோகன் நிறுவிய சென்னை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தப் பிழைகளைக் கண்டறியும் பணி நடந்து வந்திருக்கிறது. நாள்தோறும் பச்சிளம் உடலில் ஊசி குத்திய ஒரு தாய்க்கு இச்செய்தி எப்படி இருந்திருக்கும்?

நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு மிக நெருங்கியதாக நான் கருதுவது பூனாவில் நடந்த ஆய்வு. மருத்துவர் யாஜ்னிக் 1993-இல் அந்நகருக்கு அருகில் ஆறு கிராமங்களில் தாய்மார்களைப் பின்தொடரத் தொடங்கினார். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோ 3.5 கிலோ. நம் குழந்தை மெலிந்தது என்று அத்துடன் விட்டிருக்கலாம். அவர்கள் தோல் மடிப்பையும் அளந்தனர். தசை குறைந்திருந்தது, வயிற்று உறுப்புகள் சிறுத்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு! 2004-இல் யாஜ்னிக்கும் அவர் ஆங்கிலேய நண்பர் யூட்கினும் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. "என் பிள்ளை ஒல்லிதானே, அவனுக்கென்ன வரும்?" என்று கூறும் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்கு அப்படம் நினைவுக்கு வரும்.

இடையே நம் வட்டாரச் செய்தி ஒன்று. ரெம்பியாவுக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தீட்டிய பச்சரிசி உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் வருவதையும் புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் அதற்குத் தப்பியதையும் கவனித்து 1907-இல் நூலாக எழுதினார். ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸில் சாலை வேலைக்கு வந்த சாவகத் தொழிலாளர்களிடம் ஃபிரேசர், ஸ்டாண்டன் இருவரும் சோதித்து அதனை உறுதிப்படுத்தினர். கங்காணி காலத்து நம் முன்னோரின் சோற்றுப் பானை மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் காலத்தில் நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. முக்கிய மூவினத்தாருள் இந்தியரே முன்னே நின்றனர்.

மலேசியச் சிறாருக்கான நீரிழிவுப் பதிவேடு 2006-இல் தொடங்கியது. அதில் பதிவானோருள் பெரும்பாலோர் முதல் வகையினர். இரண்டாம் வகையினரும் கணிசமாக இருந்தனர். முதல் வகையினருள் பாதிக்கும் மேற்பட்டோர் அமிலம் தேங்கிய ஆபத்தான நிலையில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டனர். என் மாணவனும் அப்படித்தான். அதற்கு முந்தைய வாரங்களில் அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற மெலிவு, களைப்பு ஆகியவை தெரிந்தே இருந்திருக்கும். சில பிள்ளைகள் விட்டிருந்த படுக்கை நனைத்தலை மீண்டும் தொடங்குவர். மாவட்ட மருந்தகத்தில் விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்தால் சில விநாடிகளில் தெரிந்துவிடும்.

அந்தத் தாயாரிடம் பிறகு பேசினேன். முதல் வகை நோய், உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருவது. மைலோவில் போட்ட சீனியாலோ பாட்டி கொடுத்த அதிரசத்தாலோ வந்ததன்று என்று விளக்கினேன். மாமியார் வீட்டில் அதுவரை அவர் மேல்தான் பழி சுமத்தியிருந்தார்களாம். நெடுநேரம் அழுதார்.

பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டிற்கு வந்தவன், தட்டிலிருந்த பலகாரங்களை ஒரு கணம் கணக்குப் பார்த்தான்; பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து, அளவைத் திருகி, வயிற்றில் தானே குத்திக்கொண்டான். பிறகு இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு என் பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டான்.