பொன்னை நிறுத்த நீர்

ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய பாடத்துடன் தொடங்குவதை மதரஸாக்களில் ஓதியோர் அறிவர். தூய நீரில் பிற பொருள் கலந்தால் நிறம், சுவை, மணம் மாறியதா என்று ஆராய்ந்தே இமாம்கள் சட்டம் வகுத்தனர். ஆனால், புலன்களுக்கு எட்டாத கலப்பும் உண்டு. வெள்ளி கலந்த பொன்னணியைக் கண் அறியாது. உருக்கிப் பார்த்தால் அணியே அழிந்துவிடும். அங்கும் தீர்ப்பு வழங்க வந்தது தண்ணீர்தான்.

ஆர்க்கிமிடீஸ் காட்டிய இவ்வழியை அளவைக் கலையாக வளர்த்தவர் அபூ ரைஹான் அல்பீரூனீ (973–1048). ஒடுங்கிய கழுத்தும் பக்கவாட்டில் குழாயும் உடைய கூம்பு வடிவக் கலத்தில் நீரை நிரப்பி, பொருளை அதில் இட்டு, வழிந்த நீரை அவர் நிறுத்தார். இன்றைய முறையில் கணித்தால், பொன் நீரைப்போல் 19.05 மடங்கும், வெள்ளி 10.30 மடங்கும் கனமுடையவை என அவ்வளவைகள் காட்டுகின்றன. எனவே, 100 மித்கால் பொன் ஏறத்தாழ 5¼ மித்கால் நீரை வெளியேற்றும். அதே எடை வெள்ளியோ 9.7 மித்கால். ஓர் அணி 7½ மித்கால் நீரை வெளியேற்றினால், அதில் ஏறக்குறைய பாதி வெள்ளி! கலந்தவை இரண்டே எனத் தெரிந்தால்தான் இக்கணக்குச் செல்லும். மூன்றாகிவிட்டால் ஒரு நிறுவையால் தீராது.

அளக்கும் நீரே மாறினால் என்ன செய்வது? நாம் பெரிதும் வியப்பது இவ்விடத்தில்தான். ஹிஜ்ரி 515இல் (1121–22) மர்வு நகரில் 'மீஸானுல் ஹிக்மா'வை இயற்றிய அப்துர் ரஹ்மான் அல்காஸினீ, எந்த ஆற்று நீர், எந்தப் பருவம் என்பதையும் குறிப்பிடுகிறார். நன்னீரை ஒன்றெனக் கொண்டால் கொதிநீர் 0.958, கடல்நீர் 1.041 என்பன அவருடைய அளவைகள். கொதிநீரின் அளவு இன்றைய ஆய்வுடன் ஒத்திருக்கிறது. பனிக்கட்டிக்கு அவர் கண்ட 0.965 சற்று மிகை. இன்று நாமறிந்தது 0.917.

இத்துலாக்கோலுக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. காஸினீக்கு முன் முழஃப்பர் அல்இஸ்ஃபிஸாரீ இத்தகைய தராசு ஒன்றை அரும்பாடுபட்டு அமைத்தார். தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என்றஞ்சிய ஸுல்தானின் கருவூலக் காப்பாளன் அதனை உடைத்தெறிந்தான் என்றும், அத்துயரிலேயே இஸ்ஃபிஸாரீ நோயுற்று இறந்தார் என்றும் ளஹீருத்தீன் அல்பைஹகீ எழுதுகிறார். (ஹதீஸ் கலை இமாம் பைஹகீ வேறு, இவர் வேறு.) பின்னர் ஸுல்தான் ஸன்ஜரின் கருவூலத்திற்காக அதனை மீண்டும் அமைத்துத் தந்தவர், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற காஸினீயே. ஸுல்தான் அனுப்பிய ஆயிரம் தீனார்களை அவர் ஏற்கவில்லை. தம்மிடம் பத்துத் தீனார் இருப்பதாகவும், ஆண்டுக்கு மூன்றே போதுமென்றும், வீட்டில் தம்முடன் ஒரு பூனையைத் தவிர வேறெவரும் இல்லை என்றும் கூறித் திருப்பி அனுப்பினாராம்.