இரண்டாம் நடவைக் குறுக்கியது எது?

அதே மணல், அதே பைன். ஆனால் முதல் நடவை வெட்டியெடுத்த இடத்தில் மறுபடி நட்ட கன்றுகள் பழைய வேகத்தில் வளரவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலா பகுதித் தோட்டங்களைப் பற்றி 1966இல் கீவ்ஸ் என்ற வனவியலாளர் எழுதிய கட்டுரையின் சாரம் இது. சராசரி இழப்பு ஏறக்குறைய கால் பங்கு.

கால் பங்கு குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், வெட்டுப்பட்டு மறைந்த மரங்கள் எப்படி வளர்ந்தன என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே! அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பழைய வனத்துறை வெளியீடுகளுக்குள் இறங்கினேன். விடை வரைபடங்களில் இருந்தது. மரங்கள் இளசாக இருந்தபோதே ஒவ்வொரு துண்டு நிலத்தையும் வளர்ச்சியை வைத்து ஏழு தரங்களில் ஒன்றாகப் பிரித்து வரைந்து வைத்திருந்தார்கள். கீவ்ஸ் செய்தது, இரண்டாம் நடவின் தரத்தை அந்தப் பழைய தரத்தோடு இடத்துக்கு இடம் ஒப்பிட்டது. இவ்வளவு பொறுமையான சான்று வனவியலில் அபூர்வம்.

யார் குற்றவாளி? ஒரே இன மரம் மண்ணையே கெடுத்துவிடும் என்ற சந்தேகம் அப்போதே பழையது. ஜெர்மனியின் சாக்சனியில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் வளர்ச்சி குன்றியதை வீடெமான் என்ற வனவியலாளர் 1923இலேயே எழுதியிருந்தார். அது உண்மையானால் பைனைக் கைவிடுவது தவிர வழியில்லை.

அடுத்த இருபது ஆண்டுக் கட்டுரைகளைப் புரட்டப் புரட்ட, சந்தேகம் நெருப்பின் பக்கம் நகர்ந்தது. மொத்தமாக வெட்டியபின், நடுவதற்கு வசதியாகக் கிளை, நுனி, ஊசியிலை எல்லாவற்றையும் கொளுத்திவிடுவது அப்போதைய வழக்கம். மணல் நிலத்தின் வளம் பெரும்பாலும் அந்த மேல்மட்டச் சருகிலும் மட்கிலும்தான் இருக்கிறது. எரித்தால் நைட்ரஜன் புகையோடு போகிறது. கோடையில் ஈரம் காக்கும் போர்வையும் போய்விடுகிறது. எரிக்காமல் கழிவைப் பரப்பிவிட்டு, களையை அடக்கிய இடங்களில் இரண்டாம் நடவு முதல் நடவுக்கு ஈடாக, சில இடங்களில் மேலாகவே வளர்ந்தது. பைன் நிரபராதி.

இந்தத் தீர்ப்பை எல்லாக் காட்டுக்கும் நீட்டக் கூடாது. அமெரிக்க வனத்துறை 1989இல் தொடங்கிய நெடுங்கால மண்வளச் சோதனையில் அடிமரத்தை மட்டும் எடுப்பது, முழு மரத்தையும் எடுப்பது, சருகையும் சேர்த்து வழித்தெடுப்பது என்று மூன்று விதம். மண்ணை அமுக்குவதிலும் மூன்று அளவு. 2005இல் வந்த பத்தாண்டு முடிவின்படி, சருகை வழித்த இடங்களில் மண்ணின் கரிமமும் நைட்ரஜனும் குறைந்தன; மர வளர்ச்சியோ பொதுவாகக் குறையவில்லை. அமுக்கம் களிமண்ணில் கெடுதல் செய்தது, மணலில் சில இடங்களில் நன்மையே செய்தது. ஒரு மரத்தின் ஆயுளில் பத்தாண்டு மிகக் குறைவு என்பதையும் மறக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு காட்டையும் அதன் சொந்தப் பதிவுகளை வைத்தே பார்க்க வேண்டும். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் தொடங்கிய தேக்குத் தோட்டங்களில் வெட்டும் மறுநடவும் பலமுறை நடந்திருக்கின்றன. வெட்டியபின் கழிவை எரிப்பது தேக்கு நடவிலும் பழகிய முறைதான். அங்கே எந்தத் துண்டு நிலம் எப்போது எந்தத் தரத்தில் இருந்தது என்று காட்டும் பழைய பதிவேடுகளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.