ஒழுகிய இரண்டு படகுகள்

பி.காம். படிப்பவனுக்குப் பாய்மரப் படகோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தேய்மானம் பற்றி வகுப்பில் படித்ததைவிட சுஹைலியின் கதையில் அதிகம் இருக்கிறது!

சுஹைலி, பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 1968-ல் 'சண்டே டைம்ஸ்' ஒரு போட்டி அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வரவேண்டும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14 அன்று ஃபால்மவுத்திலிருந்து கிளம்பினார். சுஹைலிக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரை ஏற்கெனவே கடலில் அடிபட்டிருந்தது.

கேப் வெர்டே பக்கம் போனபோது உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியது. மூழ்கிப் பார்த்தார். அடிமரத்தோடு பலகை சேருமிடத்தில் சுமார் எட்டு அடிக்கு இடுக்கு விட்டிருந்தது. கலப்பற்று அடிப்பது, அதாவது இடுக்கில் பஞ்சு திணிப்பது, கரையில் செய்யும் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் செய்தால் பஞ்சு நிற்குமா? நிற்கவில்லை. எனவே கித்தான் துணிப் பட்டையில் பஞ்சை வைத்துத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளால் அடித்தார். அதன்மேல், ரேடியோ பொருத்தியவர்கள் விட்டுப்போன செப்புத் தகடு! நடுவில் ஒரு சுறா வந்து சுற்ற, மேலே ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மீண்டும் இறங்கியிருக்கிறார். பிறகு தானியங்கிச் சுக்கானும் உடைந்தது, ரேடியோவும் போனது. ஆனாலும் 312 நாட்களில், 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத் திரும்பினார். கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் இவர் ஒருவரே.

அதே போட்டியில் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட்டின் படகு புத்தம் புதியது. அதுவும் ஒழுகியது. நீரை இறைக்கத் தேவையான குழாயோ கரையிலேயே தங்கிவிட்டது. சீக்கிரமே போட்டியிலிருந்து விலகினால், பணம் போட்டவரிடமிருந்து படகைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று ஒப்பந்தம். வாங்கினால் திவால்தான். திரும்பவும் முடியாமல், தென்கடலுக்குப் போகவும் துணியாமல், அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான இடங்களை அறிவித்தார். 1969 ஜூலையில் படகு மட்டும் ஆளில்லாமல் கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தன் 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சுஹைலியைப் பின்னாளில் கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அங்கிருந்த உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கின. 2002-ல் அவரே படகை வெளியே எடுத்துப் பழுதுபார்க்க ஆரம்பித்தார்.